எல்லோரும் ஒன்றாய் எழுதிய விடை

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்துவிட்டு மூடி வைத்தே பல வருடங்களைக் கழித்துவிட்டேன். எழுதினால் என் வீட்டு மனிதர்களுக்கே மனம் நோகுமோ என்று ஒரு தயக்கம். என்னை நானே பெரிதாகச் சொல்லிக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று இன்னொரு தயக்கம். பிளஸ் டூ வரை படித்துவிட்டு அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறூட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தி கல்லூரிப் படிப்பைப் பற்றி என்ன எழுதிவிட முடியும் என்ற கூச்சமும் உண்டு. போன வெள்ளிக்கிழமை எட்டுக்கை அம்மன் முன்னால் நின்றபோது, இதை இப்போதும் எழுதாவிட்டால் என்னோடேயே போய்விடும் என்று தோன்றியது. அவளை வேண்டிக்கொண்டு, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்லூரிப் பாடம் எடுத்த மேடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஞாயிற்றுக்கிழமைக் காலை பஸ். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலையேறி வருகிற முதல் பஸ்ஸிலிருந்து, மூக்கருகே ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி, வெளுத்துப்போன முகத்தோடு அவர் இறங்குவார். மலையிலேயே பிறந்த எங்களுக்கு அந்த வளைவுகள் உடம்பில் தெரியாது. அவருக்கு ஒவ்வொரு வாரமும் குடலைப் புரட்டிவிடும். இறங்கியதும் யாரோடும் பேசமாட்டார். வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடத்துக் குழாயில் முகம் கழுவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி சற்று நேரம் நிற்பார். பிறகு ஒன்றுமே நடக்காதது போல, "வாங்க, ஆரம்பிச்சிரலாம்" என்பார். அவருடைய நோன்பு மாதத்தில்கூட அப்படித்தான். வாய் கொப்பளிப்பாரே தவிர ஒரு மடக்கு விழுங்கமாட்டார். அதே தொண்டையோடு மத்தியானம் வரை பாடம் நடக்கும். நான் கோயில் குளம் என்று இருப்பவள். விரதம் இருந்தால் அன்று ஒரு பாத்திரத்தைக்கூடத் தேய்க்க முடியாமல் சுருண்டு படுப்பவள். அவரைப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும்.

கவர்மெண்ட் ஆபீஸில் தற்காலிக வேலை பார்த்த என் கொழுந்தனாரும் எங்களோடு படித்தார். அவருக்கு யாரையும் சீண்டாமல் இருக்க முடியாது. ஒரு நாள், "மேடம், வளைவுக்கு வளைவு காணிக்கை போட்டுட்டே வர்றீங்க. எங்க மலைச்சாமிக்கு உங்க மேலதான் பிரியமா இருக்கும்" என்றார். மேடம் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வாங்கின காணிக்கைக்கு உங்க பரீட்சையில மார்க்காத் திருப்பித் தரச் சொல்லுங்க, அண்ணா. எங்கிட்ட அது கிடைக்காது" என்றார். வகுப்பே சிரித்தது.

அவர் என்னைவிட வயதில் சிறியவர். என்னை அக்கா என்பார். நான் அவரை மேடம் என்பேன். அவருடைய அத்தா காளப்பநாயக்கன்பட்டியில் மிளகு வியாபாரி. எங்கள் தோட்டத்து மிளகெல்லாம் அந்தக் கடைக்குத்தான் இறங்கும். அதனால் மலையில் பலருக்கு அவர் படிப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் அல்ல, 'மிளகுக்கடை பாய் மக'தான். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். தொலைநிலைக் கல்வி மையம் என்று பலகையில் எழுதியிருந்தது. எங்கள் வாயில் அது 'கரஸ்'. பட்டப்படிப்பு, பாடம் சமூகவியல். குச்சிக்கிழங்கு பிடுங்குகிறவர், ஆபீஸில் தற்காலிகமாக வேலை பார்க்கிறவர், கடை வைத்திருப்பவர், என்னைப் போல அங்கன்வாடிக்காரிகள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை குளித்து விபூதி வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் கால் மடங்காமல் உட்கார்ந்திருப்போம். டிகிரி இருந்தால் அங்கன்வாடி மேற்பார்வையாளர் வேலைக்கு எழுதிப் போடலாம் என்று சொன்னார்கள். அந்த ஆசையில்தான் நான் சேர்ந்தேன். வெள்ளாமைக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுப்பது சாமானியமில்லை. என் வீட்டுக்காரர் முதல் வருடம் முழுக்க, "ஏம்புள்ள, காலேஜுக்கா? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போங்க டீச்சரம்மா" என்று கேலி பேசிக்கொண்டே இருந்தார். ஆனால் ஒரு ஞாயிறுகூட என்னைப் போகாதே என்று சொன்னதில்லை.

புத்தகங்கள் பார்சலில் வந்து சேர்வதற்குள் அந்தப் பாடம் வகுப்பில் முடிந்திருக்கும். பெயருக்கு இன்னும் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். மலையேற அவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. எல்லாப் பாடத்தையும் மேடம்தான் எடுத்தார். ஒரு பக்கத்தைப் படித்து விளக்குவார். பிறகு, "புத்தகத்தை மூடுங்க. இதையே உங்க ஊட்டுல யாருக்காச்சும் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுங்க" என்பார். எங்களுக்கு வியர்க்கும். சமூக ஒப்பந்தம் என்று ஒரு பாடம். மனிதர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் கூடிப் பேசி, இனி இப்படி வாழ்வோம் என்று ஒப்புக்கொண்டதாக அதில் வரும். கொழுந்தனார் எழுந்து, "அந்தக் கூட்டத்துக்கு எங்க பாட்டனைக் கூப்பிடவே இல்லீங்களே மேடம். கூப்பிடாத கூட்டத்துல பேசுனதுக்கு நாங்க எப்படிங்க கட்டுப்படறது?" என்றார். மேடம் சிரிக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியை அப்படியே எழுதினார். "இதே கேள்வியைத்தான் பெரிய பெரிய ஆளுங்க கேட்டிருக்காங்க. நீங்க சும்மா விளையாட்டுக்குக் கேட்டுட்டு உட்கார்ந்துட்டீங்க. எந்திரிங்க, மேல பேசலாம்" என்றார். அன்றைக்கு மத்தியானச் சோற்றை மறந்து பேசிக்கொண்டிருந்தோம். எனக்குப் படிப்பு என்று ஒன்று உண்டென்றால் அது அன்று தொடங்கியதுதான்.

அசைன்மெண்ட்தான் அவரை வாட்டியது. பாடத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத் தனி மார்க். அடிவாரத்து ஊர்களில் ஜெராக்ஸ் கடைகளிலேயே விடை கிடைக்கும். வாங்கி அப்படியே பார்த்து எழுதுவார்கள். எழுதச் சோம்பல் என்றால் எழுதிக் கொடுக்கவும் ஆள் உண்டு. "எல்லாத்துலயும் ஒரே தப்பு ஒரே இடத்துல இருக்குதுங்கக்கா. அந்தத் தப்பைக்கூட யாரும் படிச்சுப் பார்க்கலை" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். கரஸில் படித்தவன் என்றால் ஊர் ஏன் இளக்காரமாகப் பார்க்கிறது என்று அவருக்குத் தெரியும். அவரே பட்டப்படிப்பைக் கரஸில் முடித்தவர். எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் அந்தக் காகிதத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார்களாம். "என்கிட்டப் படிச்சவங்களைப் பார்த்து அப்படி யாரும் சிரிக்கக் கூடாதுங்கக்கா" என்பார். அதுதான் அவருடைய வைராக்கியம். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை.

அதனால் இரண்டாம் வருடத்தில் மேலிடத்தில் கேட்டு, உள்ளூருக்கு ஏற்ற கேள்வியைத் தானே கொடுக்க அனுமதி வாங்கினார். கேள்வி இதுதான்: உங்கள் ஊரில் வழக்குகள் எப்படித் தீர்க்கப்படுகின்றன? நீங்கள் கண்டதை எழுதுக. "இதுக்கு எந்தக் கடையிலயும் விடை கிடைக்காதுங்க. இந்தத் தடவை ஜெராக்ஸ்காரர் தோத்தாரு" என்று சிறுபிள்ளை போலச் சந்தோஷப்பட்டார். நாங்களும் தலையாட்டினோம். அந்தக் கேள்வி மலையில் என்ன செய்யும் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் அப்போது தோன்றவில்லை.

எங்கள் மலையில் குண்டூர் நாடு என்கிற எங்கள் பகுதியில் ஊர் வழக்கை ஒருவர் தனியாக வெளியாளிடம் சொல்வது கிடையாது. ஊர் கூடும், பேசும், ஒரு முடிவுக்கு வரும். அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். கற்பூரம் அணைந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட யாரும் மாற்றக் கூடாது. மாற்றினால் ஊருக்கு மட்டுமல்ல, அம்மனுக்கும் துரோகம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். கேள்வியைக் கேட்டதும் கொழுந்தனார்தான், "ஊர்க்கவுண்டரைக் கேக்காம இதை எழுதப்படாது அண்ணி" என்றார். நியாயம் என்று எனக்கும் பட்டது. வகுப்பில் படித்தவர்கள் எல்லோரும் அவருக்குக் கட்டுப்பட்ட ஊர்க்காரர்கள்தான்; சேர்ந்தே போனோம்.

ஊர்க்கவுண்டர் நல்ல மனிதர். அவருக்கு ஒரு பழைய காயம் இருந்தது. முன்பு யாரோ வந்து நாலு நாள் தங்கி, எங்கள் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போய், மலைக்காரர்களுக்கு நீதி நியாயம் தெரியாது என்று எழுதிவிட்டார்களாம். "ஆளுக்கொண்ணா எழுதி மறுபடியும் மலையச் சந்தி சிரிக்க வைக்காதீங்க சாமி. உக்காந்து பேசுவோம். ஒரே பேச்சா எழுதுங்க" என்றார். கோயில் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். ஒவ்வொரு வரியும் பேசி, தீர்த்து, பிறகே எழுதப்பட்டது. எங்கள் கூட்டத்தில் ஏழை பணக்காரன் பேதம் கிடையாது என்று ஒரு வரி. ஆணும் பெண்ணும் சமமாக அமர்ந்து தம் கருத்தைச் சொல்வர் என்று ஒரு வரி. அந்த வரி வந்தபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கற்பூரம் ஏற்றினார்கள், அணைந்தது. எல்லோரும் விழுந்து கும்பிட்டு, அவரவர் தாளில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டோம். பக்தியோடு எழுதினோம். பார்த்து எழுதுவது தப்பு என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை. மாற்றி எழுதினால்தான் தப்பு.

அதைத் திருத்திவிட்டு அடுத்த ஞாயிறு மேடம் வந்தபோது அவர் முகத்தில் வழக்கமான வெளுப்போடு வேறொன்றும் இருந்தது. "முதல்ல எழுதினது யாருங்க?" என்று கேட்டார். "எல்லாரும்தானுங்க" என்றோம். கற்பூரத்தைச் சொன்னோம். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "தப்பு உங்க மேல இல்லீங்க. கேட்ட எம்மேலதான். வேற கேள்வி தர்றேன், திரும்ப எழுதலாம்" என்றார். அதற்குள் ஆய்வுக்குழு வந்துவிட்டது.

தொலைநிலைக் கல்வியில் தரம் இல்லை என்று எங்கும் புகார் கிளம்பிய நேரம் அது. ஒவ்வொரு மையமாகப் பார்த்து, தேறாததை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. வயதான பேராசிரியர் ஒருவரும் அவருக்கு உதவியாக இன்னொருவரும் காரில் வந்து இறங்கினார்கள். நாங்கள் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, ஜன்னலுக்குக் கீழே உட்கார வைக்கப்பட்டோம். உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

"ஏம்மா, கைடைப் பார்த்து எழுதுறவன்கூட நடுவுல ரெண்டு வார்த்தையை மாத்துவான். இங்க ஒரு கமாகூட மாறலையே. இவ்வளவு தைரியமா ஒரு காப்பியை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்லை" என்றார் பேராசிரியர்.

"காப்பியா இருந்தா மறைக்கப் பார்த்திருப்பாங்க சார். இவங்க மறைக்கலைங்களே" என்றார் மேடம். ஊர் கூடியதையும் கற்பூரத்தையும் அவர் விளக்கினார். பிறகு பேராசிரியரின் குரல் தணிந்து வந்தது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் நல்லதைத்தான் நினைத்தார். "சரிம்மா. நீங்க சொல்றதை நான் அப்படியே எழுதினா மேல யாருக்கும் புரியாது. ஒரு வழி சொல்றேன். ஆளாளுக்குக் கூடக் குறைய மார்க் போடுங்க. தனித்தனியா வைவா வெச்சு, வாய்மொழியாக் கேட்டுப் பார்த்ததா ஒரு வரி எழுதிக் கொடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன். மலையில ஒரு சென்டர் இருந்துட்டுப் போகட்டுமே."

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கொழுந்தனார் என் கையைத் தட்டி, "தப்பிச்சோம் அண்ணி" என்றார். எனக்கும் மூச்சு வந்தது. அப்போதுதான் மேடத்தின் குரல் கேட்டது.

"வைவா நிஜமாவே வெச்சிரலாங்க சார். இன்னைக்கே."

"எல்லாருக்குமா? எனக்குப் பொழுது சாயறதுக்குள்ள மலை இறங்கணும்மா."

"சீக்கிரம் முடிச்சிரலாங்க சார். இவங்களுக்குத் தெரியுங்க. புத்தகத்தை மூடிட்டுப் பேசத் தெரிஞ்சவங்க இவங்க." அந்தக் குரலில் இருந்த பெருமை இப்போது நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது.

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். கொழுந்தனார்தான் முதலில். வகுப்பில் யாரையும் மடக்குகிற அந்த மனிதர், கையைக் கட்டிக்கொண்டு, எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து அப்படியே ஒப்பித்தார். மேடம் இடைமறித்து, "அண்ணா, நீங்க பார்த்த ஒரு வழக்கைச் சொல்லுங்க போதும். அந்தத் தீர்ப்பு சரின்னு பட்டுதுங்களா உங்களுக்கு?" என்று கேட்டார். "அதை நான் ஒருத்தனாச் சொல்லப்படாதுங்க மேடம்" என்றார். "சும்மா, எங்கிட்டச் சொல்ற மாதிரி." "கற்பூரம் அணைஞ்சு போச்சுங்களே மேடம்." அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். ஒரே பேச்சு, ஒரே வரிசை. உதவியாளர் சிரித்துவிட்டார். மேடம் மட்டும் ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் அதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக நான். பேராசிரியர் தாளைப் பார்த்தபடியே, "கூட்டத்துல பெண்கள் எங்க உட்காருவாங்க?" என்றார். "ஆணும் பெண்ணும் சமமாக அமர்ந்து" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. மேடம் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க எங்க இருந்தீங்க?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

நான் இருந்தது பலா மரத்தடியில். அப்பா இறந்த பிறகு அவருடைய மேட்டுக்காட்டில் எனக்குப் பங்கு உண்டா என்று ஊர் கூடிப் பேசியது. நானும் அம்மாவும் கூட்டத்துக்குள் போகவில்லை. பெண்கள் போவதில்லை. பேச்சு காதில் விழாத தூரத்தில் பலா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். பெரியப்பா வந்து, "பேசி முடிச்சாச்சு கண்ணு, பங்காளிகளுக்குத்தான். கும்பிட்டுட்டு ஊட்டுக்குப் போங்க" என்றார். உள்ளே என்ன பேசினார்கள் என்றுகூட அம்மா கேட்கவில்லை. கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். இதைத்தான் சொன்னேன். அழவில்லை. அந்தக் கூட்டம் கெட்டது என்றும் சொல்லவில்லை. எத்தனையோ குடும்பம் கோர்ட்டுக்குப் போய் அழியாமல் அது காப்பாற்றியிருக்கிறது என்பதையும் சொன்னேன். ஆனால் பலா மரத்தடியிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்பதையும் சொன்னேன். பேராசிரியர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, நிறையக் கேட்டார். எனக்குத் தெரிந்த பாடத்தை வைத்து, கூப்பிடாத கூட்டத்துக்கு எப்படிக் கட்டுப்படுவது என்று கொழுந்தனார் ஒருநாள் கேட்டதையும் சேர்த்துப் பதில் சொன்னேன். கடைசியில் அவர், "இதை ஏம்மா எழுதலை?" என்றார். "இப்பச் சொன்னதே தப்புங்க ஐயா" என்றேன். வெளியே வந்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் அவர்களுக்கும் திறந்துதான் இருந்தது.

மேடம் எனக்கு மார்க் போட்டார். மற்றவர்களுக்குப் போடவில்லை. பேராசிரியர் கிளம்பும்போதுகூட ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "யோசிங்கம்மா. சென்டர் போயிட்டா உங்க வேலையும் போயிடும்." மேடம், "இவங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியுங்க சார். ஆனா அவங்க சொல்லலையே. சொல்லாததுக்கு நான் எப்படிப் போடறது?" என்றார். அடுத்த பருவத்தில் மறுபடி எழுத வைக்கிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். அடுத்த பருவம் வரவில்லை. தேறியவர்கள் மிகக் குறைவு என்று காட்டி மையத்தை மூடிவிட்டார்கள். ஒப்பந்த வேலை என்பதால் அவரை அனுப்ப யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

நான் அம்மன் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஊர் சொன்னது. விழுந்தேன். பேச்சு மாறினேன் தாயே, பொய் சொல்லவில்லை என்று வேண்டிக்கொண்டேன். ஊர்க்கவுண்டர் அதற்குப் பிறகு வெகுகாலம் என்னோடு பேசவில்லை. மலையில் எல்லோரும் மேடத்தைத்தான் திட்டினார்கள். "பாய் மக நம்ம படிப்பைக் கெடுத்துட்டுப் போயிட்டா" என்றார்கள். கொஞ்ச நாளில் கீழேயிருந்து ஒரு வேன் வந்தது. வேறொரு மையத்தின் ஆட்கள். வகுப்புக்கு வர வேண்டாம், அசைன்மெண்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கொழுந்தனாரும் மற்றவர்களும் அதில் சேர்ந்தார்கள். எல்லோரும் டிகிரி வாங்கிவிட்டார்கள். கொழுந்தனாருக்கு ஆபீஸில் வேலையும் நிரந்தரமானது. எனக்கு அதில் பொறாமை இல்லை. அந்த வேலையால் எங்கள் குடும்பம் முழுவதும் சாப்பிட்டிருக்கிறது. அவருடைய பட்டம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. அவர் மகள் பாடத்தில் ஏதாவது சந்தேகம் கேட்டால், "காகிதம் எங்கிட்ட இருக்குது கண்ணு, பாடம் பெரியம்மாகிட்ட இருக்குது. அங்க போய்க் கேளு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் முன்பிருந்த குறும்பு இல்லை. அந்தப் பட்டத்தை வாங்கிய பிறகு அவர் யாரிடமும் மடக்குக் கேள்வி கேட்டு நான் பார்க்கவில்லை.

நான் மூன்றாம் வருடத்தைக் கீழே உள்ள மையத்தில் முடிக்கலாம் என்றிருந்தேன். அந்த மிளகுப் பறிப்பில் என் வீட்டுக்காரர் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டுக் கிடந்தார். மாடும் தோட்டமும் அவரும் அங்கன்வாடியுமாக என் நாட்கள் போய்விட்டன. படிப்பை முடிக்கக் கொடுத்த கெடுவும் முடிந்துவிட்டது. மேற்பார்வையாளராக இப்போது வருகிற பெண் என் மகள் வயது. கரஸில்தான் முடித்தாளாம். பிள்ளைகளின் எடை ஏன் குறைகிறது என்று நான் விளக்கினால், "நீங்களே எழுதிக் குடுத்திருங்கக்கா, நான் கையெழுத்துப் போட்டுக்கறேன்" என்கிறாள். அவள் மேல் கோபம் வரவில்லை. அவளிடம் யாரும் புத்தகத்தை மூடிவிட்டுப் பேசச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

போன மாதம் வீட்டுக்காரரோடு, அவருக்கு மாத்திரை வாங்க மலை இறங்கியபோது மிளகுக் கடையில் மேடத்தைப் பார்த்தேன். அவருடைய அத்தா இப்போது இல்லை. கடையை அவர்தான் பார்க்கிறார். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாராம். இளைத்திருந்தார். என்னை உட்கார வைத்து டீ சொன்னார். எல்லோரையும் விசாரித்தார். கொழுந்தனாருக்கு வேலை நிரந்தரமானதைக் கேட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு, "நீங்க முடிச்சிட்டீங்கதானேக்கா?" என்றார். கேட்ட விதத்திலேயே ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்திருந்தார். அந்த ஒரு பதிலுக்காக இத்தனை வருடம் காத்திருந்ததுபோல இருந்தது அவர் முகம்.

ஒரு சொல்தான். சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. அம்மன்கூட மன்னித்திருப்பாள்.

"இல்லீங்க மேடம்" என்றேன்.

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு அந்த ஐயா சொன்ன மாதிரி ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா, நீங்க எல்லாருமே மலையில முடிச்சிருப்பீங்க" என்றார்.

"ஆமாங்க."

"ஆமாங்கன்னு பட்டுனு சொல்றீங்களேக்கா."

"நீங்கதானுங்க மேடம் கேட்டீங்க."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நான் பண்ணது தப்புங்களாக்கா?" என்றார். தெரியவில்லை என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வெயிலில் காத்திருந்தார். எழுந்து, "வாரேனுங்க மேடம்" என்று வந்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொல்வீர்கள் என்றால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். அவரைத் தெய்வமாக்க வேண்டாம், எங்கள் ஊரைக் கெட்ட ஊராக்கவும் வேண்டாம். கேட்கிறவர் மனம் ஆறட்டும் என்று, அந்த அக்கா பிறகு எப்படியோ படிப்பை முடித்துவிட்டாள் என்று மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். அந்த வரியை நான் அவரிடமே சொல்லவில்லை.